மணிமுத்தாற்றில் போட்ட விண்ணப்பம்

விருத்தாசலத்தில் சிவன் கொடுத்த 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொண்டார் சுந்தரர் என்கிறது புராணம். திட்ட மதிப்பீடு, பயன்பாட்டுச் சான்றிதழ் ஒன்றும் இல்லை. பொன்னின் மாற்று உரைத்துப் பார்க்க ஒரு பிள்ளையார் மட்டும் வந்தார். தணிக்கை அந்தக் காலத்திலேயே உண்டு!

இந்தக் காலத்துப் பொன்னுக்கோ விண்ணப்பம் வேண்டும். 2013-இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தில் வீடற்றோர் தங்குமிடத்துக்கு நிதி இருந்தது. லட்சம் பேர் உள்ள நகரத்துக்கு நூறு பேர் தங்க இடம், தலைக்கு 50 சதுர அடி என்பது அதன் கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி விருத்தாசலத்தில் எழுபதாயிரத்துச் சொச்சம் பேர். ஆக, எழுபது பேர்வரை இங்கே தாராளமாக வீடற்று இருக்கலாம். அந்தக் கணக்கெடுப்பில் வீடற்றவர்களை எண்ணியது பிப்ரவரி 28 ராத்திரி. அன்றைக்குப் பார்த்துச் சேலம் வண்டியில் ஏறித் தூங்கியவர் பாடு அவர் பாடு.

இப்படிப்பட்ட நிதிக்கு விண்ணப்பம் எழுதுகிற புண்ணியவான்களே, கடலூர் அறிக்கையை நகலெடுப்பதானால் இங்கே இல்லாத கடற்கரையையாவது அடித்துவிடுங்கள். அட்டையில் ஊர்ப் பெருமைக்கென்று பீங்கான் பொம்மைப் படம் வேண்டாம். ராத்திரி பதினொரு மணிக்கு விருத்தாசலம் ஜங்ஷனுக்கு ஒரு நடை போய்வாருங்கள். ரயிலுக்குக் காத்திருப்பவர் செருப்பைக் கழற்றிக் காலடியில் விட்டிருப்பார். எந்த ரயிலுக்கும் காத்திராதவர் அதைப் பையில் சுருட்டித் தலைக்கு வைத்திருப்பார். பெண்கள் எந்த விளக்கடியில் படுக்கிறார்கள், யார் மடியில் ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். முக்கியமாக, பயனாளிப் பட்டியலோடு இருப்பிடச் சான்று கேட்டுத் தொலைக்காதீர்கள்.