அரை நொடி நிபுணர்

மூளையியல் லேப்களில் ஒரு வகை மனிதர் உண்டு. மாணவர் என்று சொல்ல முடியாது, பிஎச்.டி. முடித்துப் பல வருஷமாகிவிட்டது. பேராசிரியர் என்றும் சொல்ல முடியாது. அதை அவருடைய பாஸ் ஒத்துக்கொள்ள மாட்டார். போஸ்ட்டாக் என்பார்கள். அதிலும், கண்ணால் கண்டதை வைத்து மூளை எப்படி முடிவெடுக்கிறது என்று ஆராயும் போஸ்ட்டாக் தனி ரகம். நியூயார்க், லண்டன், லிஸ்பன், எங்கே போனாலும் ஆள் ஒரே அச்சுதான். தோளில் ஏதோ மாநாட்டில் கொடுத்த துணிப்பை. கையில் செமினாரில் மிஞ்சிய பீட்சா. முகத்தில் ஞாயிற்றுக்கிழமையும் எலிக்குத் தண்ணீர் வைக்க வந்த களைப்பு.

'முடிவு' என்றதும் போரா, சமாதானமா என்ற அளவுக்குப் போய்விடாதீர்கள். இடமா, வலமா? அவ்வளவுதான் விஷயம். அந்த அரை நொடி விவகாரத்துக்குத்தான் அவர் வாலிபத்தை எழுதிக்கொடுத்திருக்கிறார்.

ஓர் இருட்டுப் பெட்டி. உள்ளே தலை அசையாதபடி பொருத்தப்பட்ட ஒரு சுண்டெலி. அதன் மண்டைக்குள் 960 பதிவுப் புள்ளிகள் கொண்ட மயிரிழை போன்ற நியூரோபிக்ஸல்ஸ் ஊசி. முன்னங்கால்களுக்கு அடியில், குழந்தைகள் விளையாடும் லெகோ சக்கரம். திரையில் இடப்பக்கமோ வலப்பக்கமோ வரிவரியாக ஓர் உருவம் தோன்றும். சக்கரத்தைத் திருப்பி அதை நடுவுக்குக் கொண்டுவந்தால் ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீர். தப்பினால் 'உஸ்ஸ்' என்று இரைச்சல்.

நம்மவர் வெளியே மானிட்டர் முன் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். "வலது... வலதுடா, தங்கம்!" எலி இடப்பக்கம் திருப்பும். 'உஸ்ஸ்'. அடுத்ததும் வலது. மறுபடியும் இடப்பக்கம். வெள்ளிக்கிழமை வரை நன்றாகத்தான் திருப்பிக்கொண்டிருந்தது. சனி, ஞாயிறில் என்ன ஆயிற்றோ தெரியாது. திடீரென்று சக்கரத்தை விட்டுவிட்டு மீசையைத் துடைக்க ஆரம்பிக்கும். நிதானமாகத் துடைக்கும். காண்டிராக்ட் முடியப்போவது அதற்கா என்ன?

பேச்சுக் கொடுத்துவிட்டால் போச்சு, 1978-க்கே கூட்டிப் போய்விடுவார். ரோஜர் ராட்க்ளிஃப் என்ற ஆய்வாளர் அந்த ஆண்டு எழுதிய கணித மாதிரிதான் இந்தத் துறையின் அரிச்சுவடி: சான்று துளித்துளியாகச் சேர்கிறது, ஒரு வரம்பைத் தொட்டதும் முடிவு பிறக்கிறது. பிறகு நியூசம் என்ற ஆய்வாளருடைய குழுவின் குரங்குகள் வரும். திரையில் சிதறி நகரும் புள்ளிகள் மொத்தத்தில் எந்தப் பக்கம் போகின்றன என்று குரங்கு சொல்ல வேண்டும். 1992-இல் கணக்குப் பார்த்தால், எம்.டி. என்ற பகுதியிலுள்ள ஒற்றை நியூரான் முழுக் குரங்கு அளவுக்குத் திறமையாகக் கணித்திருந்தது! அப்புறம் எல்.ஐ.பி. என்ற பகுதியில், சான்று சேரச் சேர நியூரானின் துடிப்பு ஏறிக்கொண்டே போவதைக் கண்டார்கள். முடிவின் இருப்பிடம் கிடைத்துவிட்டது என்று துறையே குதூகலித்தது.

இந்த இடத்தில் நம்மவர் குரல் இறங்கும். 2015-இல் ஒரு பேப்பர், "அந்தத் துடிப்பு சரிவாக ஏறவில்லை, படி தாண்டுவதுபோல் ஒரே தாவலாகத் தாவுகிறது" என்றது. சரிவா, படியா என்று மதியச் சாப்பாட்டு மேசை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. 2016-இல் வேறொரு குழு அந்த எல்.ஐ.பி.யையே மருந்து கொடுத்து முடக்கிப் பார்த்தது. குரங்கு பாட்டுக்குச் சரியாகவே முடிவெடுத்தது. பெரிய அதிகாரியை லீவில் அனுப்பிய பிறகு, ஆபீஸ் வழக்கம்போல் நடப்பதைக் கண்ட கதைதான். அதே பகுதியைப் பற்றிப் பாதிப் பேப்பர் எழுதி வைத்திருந்த போஸ்ட்டாக்குகளின் நிலையை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக 2025-இல், 12 லேப்கள் கூடி, 139 எலிகளில், 279 மூளைப் பகுதிகளில், 6,21,733 நியூரான்களைப் பதிவு செய்து வெளியிட்டன. முடிவின் தடயம் எங்கே? ஏறக்குறைய எங்கே பார்த்தாலும்!

இப்படிப்பட்டவர் ஓட்டலில் மெனு அட்டையை வைத்துக்கொண்டு திண்டாடுவார் என்றுதானே நினைக்கிறீர்கள்? கிடையாது. முதல் வரியில் இருப்பதைச் சொல்லிவிடுவார். யோசிக்கும் நேரத்துக்கும் விலை உண்டு என்பது அவர் கட்சி. காலணி, காப்பி, வாடகை வீடு, எல்லாம் இரண்டே நிமிஷம். சிக்குவது ஒரே ஒரு கேள்வியில்: இதிலேயே இருப்பதா, கம்பெனி வேலைக்குப் போய்விடுவதா? அதற்கு மட்டும் வருஷக்கணக்கில் சான்று சேர்கிறது. நல்ல பேப்பர் வந்தால் இந்தப் பக்கம் ஏறும். ரிவ்யூவர் கடிதம் வந்தால் அந்தப் பக்கம் சாயும். எந்த வரம்பையும் தொடாது.

நேரம் போகப்போக அந்த வரம்பே இறங்கி வரும், கொஞ்சம் சான்று இருந்தாலும் முடிவெடுத்துவிடுவோம் என்று அவரே வகுப்பெடுப்பார். அவர் கதையும் அதுதான். அமெரிக்காவில் பேராசிரியர் பதவிக்கு வழிவிடும் கே99 நிதிக்கு மனுப்போட, போஸ்ட்டாக் அனுபவம் நாலு வருஷத்தைத் தாண்டக்கூடாது. அனுபவம் கூடினால் தகுதி போய்விடும்! விசாவுக்கு ஒரு தேதி, காண்டிராக்டுக்கு ஒரு தேதி. வரம்பு இறங்கி இறங்கித் தரையைத் தொடும் வேளையில், மனுப்போட்ட பல்கலைக்கழகங்கள் வாயே திறக்காது.

எலிக்கும் இப்படி ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள். சில சுற்றுகளில் திரை காலியாகவே இருக்கும். ஆனாலும் சக்கரத்தைத் திருப்பியாக வேண்டும். விவரமான எலி, அண்மையில் எந்தப் பக்கம் அதிகம் தண்ணீர் கிடைத்ததோ அந்தப் பக்கம் திருப்பும்.

போன மாதம் நம்மவர் நண்பர்களுக்குச் செய்தி அனுப்பினார்: புது ஊர், புது லேப், இன்னும் இரண்டு வருஷ போஸ்ட்டாக். "மறுபடியுமா? உனக்குப் பைத்தியமா?" என்று ஒருவர் கேட்டே விட்டார்.

"யோசித்துச் செய்ததுதான்" என்றார் நம்மவர். "139 எலிகளும் இதைத்தான் செய்திருக்கும்."