சும்மா கிடைத்த போதகர்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது பழமொழி. நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துச் சிற்றூர்ச் சபைகளில் இந்தச் சலுகை மாட்டோடு நின்றுவிடுகிறது. சம்பளம் வேண்டாம், சபையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உள்ளூர்க்காரர் ஒருவர் முன்வந்தால், அவருடைய பல், குரல், ஜிப்பாவின் வெளுப்பு, மனைவி கட்டிய சேலை, மகன் பத்தாம் வகுப்பில் வாங்கிய மதிப்பெண் என்று ஒன்றுவிடாமல் ஊர் எண்ணிப் பார்க்கும். திருமண்டலம் (பேராயரின் ஆட்சிப் பகுதி) அனுப்பிய குருவானவருக்கு இவ்வளவு சோதனை கிடையாது. பிடிக்காவிட்டாலும் சில வருடத்தில் மாற்றலாகிப் போய்விடுவார், பொறுத்துக்கொள்ளலாம். காசு வாங்காதவர் எங்கும் போக மாட்டார். ஆகவே ஊரின் எச்சரிக்கையில் நியாயம் இல்லாமலும் இல்லை. என் கட்சி இதுதான்: சம்பளம் வாங்காத போதகருக்கு நாக்கு விடுதலையாகிறது, அதே நாளில் அவருடைய கடிகாரம் சிறைக்குப் போகிறது. நாக்கு விடுதலையாகவே இருக்க அவருக்குச் சம்பளம் கொடுக்காமல் இருப்பதே நல்லது. கடிகாரத்தை மீட்பதற்கோ, பணத்தைவிடக் கொடுக்கக் கடினமான ஒன்றை ஊர் கொடுத்தாக வேண்டும். அது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். ஆராதனையிலும் காணிக்கைப் பை பிரசங்கத்துக்குப் பிறகுதானே வருகிறது.

முதலில் ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு சேகரம் என்றால் அதில் பல ஊர்ச் சபைகள் இருக்கும். அபிஷேகம் பெற்ற குருவானவர் பெரும்பாலும் ஒருவர்தான். திருவிருந்து கொடுக்கவும் ஞானஸ்நானம் கொடுக்கவும் அவர் முறை வைத்து வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபத்தை நடத்திப் பிரசங்கம் செய்ய ஊரிலேயே ஓர் ஆள் வேண்டும். உபதேசியாருக்குச் சம்பளம் கொடுக்க வழியுள்ள சபை கொடுக்கிறது. வழியில்லாத சபையில் ஓய்வுபெற்ற வாத்தியாரோ, தையல் கடைக்காரரோ, வாழை போட்டிருப்பவரோ அந்த இடத்தில் நிற்கிறார். அவருக்கு ஒப்படைக்கப்படும் வேலை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, அவ்வளவுதான். அவரிடம் வாங்கப்படும் வேலையோ வேறு. வீட்டு ஜெபம், அடக்கம், புது மோட்டார் சைக்கிளுக்கு ஜெபம், பரீட்சை ஹால் டிக்கெட்டுக்கு ஜெபம், ஆழ்துளைக் கிணறு தோண்டுமுன் ஜெபம் எல்லாம் அவர் தலையில்தான். தண்ணீர் வந்தால் நீரோட்டம் பார்த்தவரின் கைராசி. வராவிட்டால் ஜெபத்தில் ஏதோ குறை. லெந்து வந்தால் மாலைக் கூட்டங்கள், பெரிய வெள்ளி வந்தால் ஏழு வார்த்தைகளுக்கு மூன்று மணி நேரம், டிசம்பர் வந்தால் விடியவிடியக் கேரல் ரவுண்ட்ஸ், 31-ஆம் தேதி நள்ளிரவில் வருட முடிவு ஆராதனை. சம்பளக்காரர் 'நாளைக்கு வருகிறேன்' என்றால் அவருக்கு வேறு ஊரில் வேலை இருக்கிறது என்று எல்லோரும் ஏற்றுக்கொள்வார்கள். தன்னார்வக்காரர் அதையே சொன்னால், 'சும்மாதானே இருக்கிறார், என்ன கேடு?' என்பார்கள். அவர் விடுப்பு எடுக்கலாம் என்றால், விண்ணப்பத்தை யாரிடம் கொடுப்பது என்பதே தெரியாது.

இது நம்மூர்க் கோளாறு என்று யாராவது நினைத்தால், கொரிந்து பட்டணத்தைப் பார்க்கட்டும். அப்போஸ்தலனாகிய பவுல் அங்கே ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியோடு கூடாரம் செய்து பிழைத்துக்கொண்டே ஊழியம் செய்தார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 18-ஆம் அதிகாரம் சொல்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 9-ஆம் அதிகாரத்தில் அவர் ஒரு தேர்ந்த வழக்கறிஞரைப் போல வாதாடுகிறார்: போர்ச்சேவகன் சொந்தச் செலவில் போருக்குப் போவதில்லை, போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டக் கூடாது, ஆகவே சுவிசேஷம் சொல்பவன் அதனால் பிழைக்க உரிமை உண்டு. வழக்கில் முழுதாக ஜெயித்த கையோடு, அந்த உரிமை எனக்கு வேண்டாம் என்று தீர்ப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். கொரிந்தியர் நெகிழ்ந்து போயிருக்க வேண்டாமா? போகவில்லை. இரண்டாம் நிருபத்தைப் படித்தால் தெரிகிறது, தங்களிடம் காசு வாங்காததே அவர்களுக்கு உறுத்தலாக இருந்திருக்கிறது. கூலி வாங்காதவன் அசல் அப்போஸ்தலன்தானா என்ற சந்தேகம் அவர்களுக்கு. அதன் 12-ஆம் அதிகாரத்தில், உங்களுக்குப் பாரமாக இராத இந்த ஒரு குற்றத்தை மன்னித்துவிடுங்கள் என்ற பொருளில் பவுல் குத்தலாக எழுதுகிறார். சம்பளம் கேட்டு மன்னிப்புக் கேட்டவர்கள் உலகத்தில் உண்டு. கேட்காததற்கு மன்னிப்புக் கேட்டவர், எனக்குத் தெரிந்து, இவர் ஒருவரே. இலவசமாக வந்ததைச் சந்தேகிப்பது ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம். நம் ஊர்க் கமிட்டி அதைக் கண்டுபிடிக்கவில்லை, ஒழுங்காகக் காத்து வருகிறது, அவ்வளவுதான்.

இத்தனை தொல்லைக்கு நடுவிலும் ஒருவர் ஏன் காசு வேண்டாம் என்கிறார்? இதற்கான தெளிவான பதில் நம் சீமையிலேயே இருக்கிறது. பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸிடம் படித்த ஜான் கிறிஸ்டியன் அருளப்பன், 1833-இல் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேய மிஷனரி அந்தோணி நாரிஸ் குரோவ்ஸோடு சேர்ந்து ஊழியம் செய்தவர். 1840-இல் கிறிஸ்டியன்பேட்டை என்ற ஊரை உண்டாக்கியவர். நிரந்தரச் சம்பளம் எதுவும் வேண்டாம் என்று அவர் மறுத்ததை குரோவ்ஸ் பதிவு செய்திருக்கிறார். அருளப்பன் சொன்ன காரணம் எளிது: சம்பளம் வாங்கினால், நீ கூலிக்குத்தானே பிரசங்கம் பண்ணுகிறாய் என்று ஜனங்கள் ஓயாமல் சொல்வார்கள். ஒரே வரியில் எவ்வளவு ஊரறிவு! தூரதேசத்தார் பணத்தில் ஊழியம் நடந்த காலத்தில் அந்தப் பேச்சின் வலிமை அவருக்குத் தெரிந்திருந்தது. இன்று பணம் உள்ளூரிலிருந்தே வருகிறது, பேச்சு மட்டும் திசைமாறி இருக்கிறது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஓர் எலுமிச்சம்பழத்தை வீம்புக்கு ஆயிரக்கணக்கில் ஏற்றி எடுத்தவர், அடுத்த ஞாயிறு குடியைப் பற்றியோ வட்டியைப் பற்றியோ பிரசங்கம் வந்தால் பழத்தை நினைத்துக்கொள்வார். சேகரத்தின் வரவு குறைந்தால் கேள்வி சேகர குருவிடம் வரும் என்பது அவருக்கும் தெரியும், குருவுக்கும் தெரியும். தையல் கடைக்காரரின் சோறோ அந்தப் பழத்தில் இல்லை. வட்டிக்கு விடுபவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே வட்டியைப் பற்றிப் பேச அவரால் முடியும். மிஞ்சிப்போனால் ஒரு சட்டை தைக்க வராமல் போகும். ஒரு சட்டையின் தையற்கூலிக்கு இவ்வளவு சுதந்திரம் வேறெங்கே கிடைக்கும்?

இதற்கு எதிராக முதலில் எழும்பும் ஆட்சேபம் படிப்பைப் பற்றியது. செராம்பூர் பி.டி. பட்டத்துக்கு நான்கு வருடம் வேதசாஸ்திரம் படிக்க வேண்டும். கிரேக்கம், எபிரெயம், சபைச் சரித்திரம் எல்லாம் உண்டு. ரேஷன் கடையில் எடை போட்டுவிட்டு வருகிறவர் இவற்றுக்கு எங்கே போவார்? நியாயமான கேள்விதான். ஆனால் பைபிளே இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளமானது. ஆமோஸ் தன்னைத் தீர்க்கதரிசியும் அல்ல, தீர்க்கதரிசியின் புத்திரனும் அல்ல, மாடு மேய்த்துக் காட்டத்திப்பழம் பொறுக்குகிறவன் என்று அறிமுகம் செய்துகொண்டார். கள்ளத் தராசைப் பற்றி அவர் பேசிய பேச்சை எந்தக் கல்லூரியும் மெருகேற்ற வேண்டியிருக்கவில்லை. கள்ளத் தராசு எப்படிச் சாயும் என்பது எடை போடுகிறவருக்குத் தெரியாதா? அதற்காகப் படிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பயிற்சி முகாம், நல்ல விளக்கவுரைப் புத்தகங்கள், மாதம் ஒருமுறை சேகர குருவோடு உட்கார்ந்து பாடம் பார்ப்பது, இவையெல்லாம் கட்டாயம். உழைத்துப் பிழைப்பவர் பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்துவிடுவார் என்ற வாதத்தையும் நான் வைக்க விரும்பினேன். அதற்கு பவுலே குறுக்கே நிற்கிறார். துரோவா பட்டணத்தில் அவர் நடுராத்திரி வரை பிரசங்கம் செய்ததில், ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்தபடியே தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுந்தான். பவுல் இறங்கிப் போய் அவனை உயிரோடு மீட்டார், திரும்ப மேலே ஏறி வந்து விடியும்வரை பேசினார். ஆகவே பிரசங்க நீளத்துக்கும் சம்பளத்துக்கும் சம்பந்தமில்லை என்பதை ஒப்புக்கொண்டு அந்த வாதத்தைக் கைவிடுகிறேன்.

அடுத்த ஆட்சேபம், உள்ளூர்க்காரர் எல்லோருக்கும் ஏதாவது ஒரு முறையில் சொந்தக்காரர் என்பது. மச்சான் மேல் வழக்குப் போட்டிருக்கும் சித்தப்பா மகனுக்கு அவர் எப்படி மன்னிப்பைப் பற்றிப் போதிப்பார்? பங்காளிச் சண்டையில் அவரே ஒரு பங்காளியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். இது உண்மையே. ஆனாலும் வெளியூர்க்காரரின் நடுநிலைமை என்று நாம் சொல்வதில் பாதி, விவரம் தெரியாமை. வரப்பு எந்த வருடம் எத்தனை அடி நகர்ந்தது என்று தெரியாதவர் சமாதானத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசிவிட்டு வண்டி ஏறிவிடலாம். தெரிந்தவருக்கு அந்த வசதி இல்லை. அவர் பேசினால் எந்த வரப்பு என்று எல்லோருக்கும் புரியும்; பேசாவிட்டால் ஏன் பேசவில்லை என்பதும் புரியும். அடக்கத்துக்கு நிற்கும்போதும் இந்தத் தெரிதல் உதவுகிறது. செத்தவரைப் பற்றி இல்லாத நற்குணங்களை அடுக்க அவரால் முடியாது. கூடியிருப்பவர்களில் பாதிப்பேர் செத்தவருக்குக் கடன் கொடுத்தவர்கள்.

மூன்றாவது ஆட்சேபம் எனக்கே பயம் தருவது. சம்பளம் இல்லாதவரை யாரும் வேலையை விட்டு நீக்க முடியாது. நீக்க முடியாதவர் மெல்ல மெல்ல அசைக்க முடியாதவராகிவிடுவார். கோவில் சாவி, மைக், அசன விருந்தில் முதல் பந்தி, யார் எந்த வாசகம் படிப்பது என்ற தீர்மானம் எல்லாம் ஒவ்வொன்றாக அவர் கைக்குப் போகும். கேட்டால், 'நான் என்ன காசா வாங்குகிறேன்?' என்ற ஒரே பதிலால் எல்லோர் வாயையும் அடைப்பார். பணத்தை வாங்காதவர் அதிகாரத்தை வாங்கிக்கொள்ளலாம். அதற்கு ரசீது கிடையாது. நாக்குக்கு விடுதலை வேண்டும் என்ற என் வாதத்தின் பலவீனமே இதுதான்: எல்லோரையும் கண்டிக்கும் நாக்கைக் கண்டிக்க ஆள் இல்லாமல் போகிறது. இதற்குச் சம்பளம் மருந்தல்ல. கெடுதான் மருந்து. மூன்று வருடம் என்று தொடக்கத்திலேயே சொல்லி, மூன்றாம் வருட முடிவில் கைகொடுத்து அனுப்பிவிட வேண்டும். நல்லவருக்கும் அது பொருந்தும், நல்லவருக்கு முக்கியமாகப் பொருந்தும். நல்லவர்களைத்தான் ஊர் சாகும்வரை விடாது.

கடைசி ஆட்சேபம் நேர்மையானவர்கள் எழுப்புவது. தன்னார்வம் என்ற நல்ல பெயரில் திருமண்டலம் செலவை மிச்சம் பிடிக்கிறது, இது சுரண்டல் என்கிறார்கள். வட சீனாவில் ஊழியம் செய்த ஆங்கிலிக்கக் குருவான ரோலண்ட் ஆலன் இந்த விவாதத்தை எப்போதோ தலைகீழாக்கிவிட்டார். சம்பளக்காரர்தான் குருவாக முடியும் என்ற விதியால் சிறிய சபைகள் திருவிருந்தே கிடைக்காமல் காத்துக் கிடக்கின்றன. சொந்தத் தொழில் செய்து பிழைப்பவர்களையே குருக்களாக அபிஷேகம் பண்ணுங்கள் என்று 1930-இல் ஒரு புத்தகமே எழுதினார். அவருக்குச் செலவு மிச்சம் நோக்கமல்ல. சபை தன் காலில் நிற்க வேண்டும் என்பதே. சுரண்டல் என்ற சொல் பொருந்துவது சம்பளம் கொடுக்காததற்கு அல்ல, பெட்ரோலும் அவர் பையிலிருந்தே போவதற்கும் அவருடைய ராத்திரிகள் ஊர்ச் சொத்தாகிவிடுவதற்கும்தான். இந்த இரண்டாவது நோய்க்கு யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தில் மருந்து இருக்கிறது. காலை முதல் சாயங்காலம் வரை மோசே தனியாக உட்கார்ந்து வழக்குத் தீர்ப்பதைப் பார்த்த மாமனார் எத்திரோ, நீரும் களைத்துப்போவீர், ஜனங்களும் களைத்துப்போவார்கள், ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் ஐம்பது பேருக்கும் பத்துப் பேருக்கும் தலைவர்களை வையும் என்றார். மருமகனும் அப்படியே செய்தார். மாமனார் சொன்ன யோசனையை மருமகன் மறுபேச்சில்லாமல் கேட்டதாக எழுதியிருப்பதே அந்த யோசனையின் தரத்துக்கு அத்தாட்சி. வீட்டு ஜெபத்தைப் பெண்கள் ஐக்கிய சங்கம் ஏற்கெனவே அவரைவிட நன்றாக நடத்துகிறது, கேரலை வாலிபர்கள் பார்த்துக்கொள்வார்கள், மோட்டார் சைக்கிளுக்கு அதை வாங்கியவரே ஜெபம் பண்ணலாம்.

ஆகவே, கடைசியில் சொல்கிறேன் என்றது இதுதான்: ஊர் கொடுக்க வேண்டியது 'இன்றைக்கு நீங்கள் வர வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்ற ஒரு வாக்கியம். அதை நடைமுறையாக்கினால் மூன்று தீர்மானம் ஆகும். மூன்று வருடக் கெடு; மாதத்தில் ஒரு ஞாயிறு அவர் மற்றவர்களோடு பாயில் உட்கார்ந்து வேறொருவர் பிரசங்கத்தைக் கேட்பது; பெட்ரோலுக்கான காசைக் கணக்கெழுதிக் கொடுப்பது. கமிட்டி இதற்கெல்லாம் ஒத்துக்கொள்ளாது என்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். கூட்டம் தொடங்கியதும், இனி அவருக்கு மாதச் சம்பளம் கொடுத்துவிடுவோமா என்று மட்டும் கேட்டு, ஒரு தொகையையும் சொல்லுங்கள். அந்தப் பேச்சு அத்தோடு முடியும். மற்ற மூன்று தீர்மானங்களுக்கும் ஒரே குரலில் ஆமென் வரும்.