பின்னாலிருந்து வர வேண்டிய சத்தம்

நாஞ்சில் நாட்டில் நாலு பக்கமிருந்தும் சத்தம் வந்த காலத்தில் அதற்காக யாரும் தனியாகக் காசு கொடுத்ததில்லை. கோயில் வரி கொடுத்தோம். அது சாமிக்கு என்று நினைத்துக் கொடுத்தது. அதில் ஒரு பங்கு மைக் செட்காரருக்குப் போனது ஊர்க்கணக்கு வாசிக்கும்போதுதான் தெரியவரும்.

அம்மன் கோயில் கொடை செவ்வாய்க்கிழமை என்றால் திங்கள் சாயங்காலமே மைக் செட் வந்து இறங்கிவிடும். ஆம்ப்ளிஃபயர் பெட்டி, ரிக்கார்டு பெட்டி, வயர்ச் சுருள், குழாய்கள். மரம் ஏறத் தெரிந்த பையன் ஒருவன் குழாயைக் கயிற்றில் கட்டித் தென்னையில் ஏற்றுவான். ஒன்று குளத்தங்கரையைப் பார்க்க, ஒன்று வயலைப் பார்க்க, ஒன்று மேலத்தெருவைப் பார்க்க, மற்றொன்று பக்கத்து ஊரைப் பார்க்க. இந்தக் கடைசிக் குழாய்தான் முக்கியம். போன மாதம் அவர்கள் கொடையில் நம்மைப் பார்த்து வைத்ததற்கு அதுதான் பதில்.

முற்றத்தில் வில்லுப்பாட்டு. வலத்தே பாடுகிறவர்கள், இடத்தே பாடுகிறவர்கள் என்று வில்லுக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் உண்டு. ஒரு பக்கம் எடுத்துக் கொடுக்க மறுபக்கம் ஏற்றுப் பாடும். பந்தலுக்குள் உட்கார்ந்திருந்தவனுக்கு இரண்டு காதிலும் இரண்டு விதமாகக் கேட்டிருக்கும். ஆனால் நடுவில் நின்ற மைக் எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கி, எல்லாக் குழாய் வழியாகவும் ஒரே சத்தமாகத் துப்பிவிடும். இன்றைய பாஷையில் மோனோ.

வீட்டில் படுத்திருந்தவர்கள் பாடு அப்படி அல்ல. சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. பக்கத்துத் தென்னையில் இருந்த குழாய் முதலில் பாடும். அதைவிட 170 மீட்டர் தள்ளியிருந்த குழாய் அதே அடியை அரை நொடி கழித்துப் பாடும். காற்று திரும்பினால் பக்கத்து ஊர்க் கொடையும் கலந்துகொள்ளும். தலைமாட்டில் இசக்கியம்மன் கதை, கால்மாட்டில் சுடலைமாடன் கதை. நடுச்சாமப் பூசைக்குக் குரவைச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. இந்த ஏற்பாட்டில் பின்பக்கச் சத்தம் வரவில்லை என்று யாரும் புகார் சொன்னதாக நினைவில்லை.

சினிமாக் கொட்டகையில்தான் சத்தம் ஒழுங்காக, திரைக்குப் பின்னாலிருந்து மட்டும் வந்தது. பக்கவாட்டிலிருந்து வந்ததெல்லாம் முறுக்கு விற்றவன் குரல். 1986இல் ‘மாவீரன்’ தமிழின் முதல் 70 எம்.எம். படமாக, ஆறு டிராக் ஸ்டீரியோ சத்தத்தோடு வந்தது. 1995இல் ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோ எஸ்.ஆர். என்றது. மறுவருஷம் ‘கருப்பு ரோஜா’ டி.டி.எஸ். என்றது. அதற்குப் பிறகு சில காலம் சுவரொட்டியில் கதாநாயகியைவிட இந்த மூன்றெழுத்து பெரிதாக இருந்தது. டி.டி.எஸ்.ஸில் படச்சுருளில் நேரக்குறி மட்டும்தான் இருக்கும். சத்தம் தனியாகக் குறுந்தகட்டில் ஓடும். பிலிம் அறுந்து ஒட்டிப் போட்டாலும் குறியைப் படித்து, சத்தம் தானாகச் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்துகொள்ளும். 1990களின் மூளை. அந்தச் சாமர்த்தியத்தில் கால்வாசி என் வீட்டு டிவிக்கு இருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

டிவி என்றதும் ஆன்டெனாவைச் சொல்லாமல் நகர முடியாது. நாகர்கோவில் பக்கத்து மொட்டைமாடிகளுக்கு மூன்று திசை இருந்தது. வடமேற்கே திருவனந்தபுரம், 1985இல் அது மலையாளத்தில் பேசத் தொடங்கியது. பின்னாளில், நேர் வடக்கே கொடைக்கானல், அதன் வழியாகச் சென்னை. கிழக்கே, சற்றுத் தெற்காக, இலங்கையின் ரூபவாஹினி. 1982இல் தொடங்கியது, 2,524 மீட்டர் உயரப் பிதுருதலாகல மலை உச்சியிலிருந்து, 400 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம் கடலைத் தாண்டி வந்தது. வரும் நாளில் வரும். வராத நாளில் கோளாறு பார்ப்பது தெருக்காரியம். மாடியில் குழாயைப் பிடித்துக்கொண்டு ஒருவன், முற்றத்தில் ஒருவன், டிவிக்கு முன்னால் பாட்டா.

“தெரியா டே?”

“கோடு கோடா வருது!”

“இப்பம்?”

“நிறுத்து, நிறுத்து! கையை எடுக்காத!”

கையை எடுத்தால் படம் போய்விடும் என்பதால் மேலே இருந்தவன் ஒளியும் ஒலியும் முடியும்வரை அங்கேயே நிற்பான். கோளாறு இன்னதென்று எல்லாருக்கும் புரிந்திருந்தது. திசை தப்பு, திருப்பினால் சரி.

இப்போது கூடத்தில் ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர், ஒரு ரிசீவர். டிவியின் முதுகில் விரல் நீளத்துக்கு ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக். படம் கண்ணாடிபோல வருகிறது. முன்னால் மூன்று ஸ்பீக்கர் இருக்க இரண்டு மட்டும் பேசுகின்றன. பின்னால் இருக்கும் இரண்டும் மூச்சு விடுவதில்லை. திருப்புவதற்கு ஒரு குழாயும் இல்லை.

இதைப் பார்க்க இன்று மாடி ஏறுகிறவன் துபாயில் இருக்கிறான். தங்கை மகன். இங்கே இரவு பத்து என்றால் அங்கே எட்டரை. வேலை முடிந்து குளித்துவிட்டு வாட்ஸாப் வீடியோவில் வருவான்.

“மாமா, மொதல்ல ரிசீவர் நெத்தியில என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க.”

“பி.சி.எம்.னு கெடக்கு மக்கா.”

“அப்பம் ஸ்பீக்கர் மேல குத்தமில்ல. அதுக்கு ரெண்டு சத்தந்தான் வந்து சேருது. அஞ்சுக்கு எங்க போவும்?”

இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரியாததால்தான் ஊரில் பாதிப் பேர் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருக்கிறார்கள். ரிசீவருக்குள்ளேயே ஒரு சோதனைச் சத்தம் உண்டு. ஸ்பீக்கர் ஒவ்வொன்றிலும் வரிசையாக ‘உஷ்’ என்று போகும். பின்னால் இருக்கும் இரண்டும் உஷ் சொன்னால் வயர் சுத்தம், ஸ்பீக்கர் சுத்தம். குற்றவாளி அதற்கு முன்னால் எங்கோ இருக்கிறான்.

எங்கே என்றால், அநேக வீடுகளில் அந்த மெல்லிய ஆப்டிகல் வயரில். நுனியில் சிவப்பாக வெளிச்சம் வரும், பார்க்க ரொம்ப விஞ்ஞானமாக இருக்கும். தோஷிபா கம்பெனி 1983இல் குறுந்தகட்டுக் கருவிகளுக்காகக் கொண்டுவந்தது அது. இரண்டு சேனல் பி.சி.எம். சத்தம் போகும், சுருக்கிக் கட்டிய பழைய டால்பி டிஜிட்டலோ டி.டி.எஸ்.ஸோ போகும். ஸ்ட்ரீமிங்காரர்கள் பெரும்பாலும் அனுப்புவது டால்பி டிஜிட்டல் பிளஸ். அது இந்த வழியாகப் போகாது. நடுவில் இருக்கும் டிவி அதைப் பழைய கட்டாக மாற்றிக் கொடுக்க வேண்டும். மனசுள்ள டிவி மாற்றும். மற்றவை ஐந்தையும் சேர்த்து இரண்டாக்கித் தள்ளிவிடும். மைக் செட்காரருடைய ஒற்றை மைக் செய்த அதே வேலை. அவர் அதற்குத் தனி விலை வாங்கவில்லை.

சரி, ஆப்டிகல் வேண்டாம், எச்.டி.எம்.ஐ.யிலேயே ஏ.ஆர்.சி. என்று ஒரு வழி 2009 முதல் இருக்கிறது. டிவியிலிருந்து சத்தம் அதே வயரில் திரும்பி ரிசீவருக்கு வரும். டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸும் அதில் வரக்கூடும். ஆனால் டிவியின் முதுகில் நாலு துளை இருந்தால் அநேகமாக ஒன்றே ஒன்றுக்குத்தான் அந்தப் பாக்கியம். பக்கத்தில் பொடி எழுத்தில் ஏ.ஆர்.சி. என்று அச்சடித்திருக்கும். டார்ச் அடித்து, கண்ணாடி போட்டு, சுவருக்கும் டிவிக்கும் நடுவில் தலையை நுழைத்துத்தான் படிக்க வேண்டும். அதோடு சி.இ.சி. என்கிற உட்கட்டளையையும் போட வேண்டும். ஒரு கம்பெனி இதற்குச் சிம்ப்லிங்க் என்று பெயர் வைத்திருக்கிறது, ஒன்று எனிநெட், இன்னொன்று பிராவியா சிங்க். பிறகு டிவி அமைப்புக்குள் போய் சத்தம் வெளியே போகும் விதத்தைப் பி.சி.எம்.மிலிருந்து, வந்ததை அப்படியே அனுப்பும் பாஸ்த்ரூவுக்கோ ஆட்டோவுக்கோ மாற்ற வேண்டும். ஸ்டிக்கின் அமைப்பிலும் இதே கேள்வி இன்னொரு தரம். இரண்டில் ஒன்று பி.சி.எம். என்று அடம்பிடித்தால் மற்றது என்ன செய்தும் பயனில்லை.

சி.இ.சி. போட்டதில் வேறொரு சங்கதி. செய்தி பார்க்க டிவியைப் போட்டால் ரிசீவர் எழுந்து உட்காரும். ரிசீவரை அணைத்தால் டிவியும் கூடவே படுத்துவிடும். ஸ்டிக் இடையில் புகுந்து திரையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். “இஞ்ச பாருங்க, செய்தி வைக்கணும்னா மூணு ரிமோட்டும் ஒரு ஜாதகமும் வேணுமா?” என்று மனைவி கேட்டாள். ஒளியும் ஒலியும் காலத்தில் மாடியில் நின்றவனுக்கு இந்தக் கேள்வி வந்ததில்லை.

கடைசியில் மருமகன் சொன்ன வைத்தியம் எளிது. ஸ்டிக்கை டிவியிலிருந்து பிடுங்கி நேராக ரிசீவரிலேயே செருகுவது. சத்தம் அங்கேயே இறங்கிக்கொள்ளும். படம் மட்டும் டிவிக்குப் போகும். ரிசீவர் நெற்றியில் எழுத்து மாறியது. டால்பி டிஜிட்டல் பிளஸ். ஆங்கிலப் படமொன்றில் ஹெலிகாப்டர் இடது தோளுக்குப் பின்னாலிருந்து கிளம்பி வலது காது வழியாகப் போயிற்று. துபாய்க்காரன் அங்கிருந்தே கை தட்டினான்.

அடுத்தது அளவெடுப்பு. ரிசீவரோடு வந்த சின்ன மைக்கை நாம் உட்காரும் இடத்தில் காது உயரத்தில் வைத்தால், ஒவ்வொரு ஸ்பீக்கரும் எவ்வளவு தூரம் என்று அதுவே கணக்கிடும். ஒரு ஸ்பீக்கர் மற்றதைவிட ஒன்றரை மீட்டர் பக்கத்தில் இருந்தால், அதன் சத்தத்தை ஒரு நொடியில் ஆயிரத்தில் நாலு பங்குக்குச் சற்று மேல் தாமதப்படுத்தி அனுப்பும். அரை நொடி பிந்தி வந்த வில்லுப்பாட்டைக் கேட்டுத் தூங்கிய ஜனங்களுக்கு இந்தக் கரிசனம் கொஞ்சம் அதிகம். அளவெடுக்கும்போது மட்டும் சுற்றுப்புறம் அமைதியாக இருக்க வேண்டுமாம். காலையில் மீன்காரர் மொபெட் ஹாரன். மத்தியானம் தெருமுனைக் கல்யாண மண்டபம். சாயங்காலம் கோயில், சர்ச், பள்ளிவாசல், மூன்றுக்கும் பொதுவாக அரசுப் பஸ். சுற்றுச் சத்தம் கூடுதல் என்று திரையில் எழுதிக் காட்டி ரிசீவர் ஒதுங்கிக்கொண்டது. கைகொடுத்தது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்தான். இரவு பத்துக்கு மேல் காலை ஆறுவரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழா நாள் சிலவற்றுக்கு மட்டும் நடுராத்திரிவரை அரசு விலக்குக் கொடுக்கலாம். எந்த விதியால் சுடலைமாடன் கதையை வில்லுப்பாட்டுப் புலவர்கள் பாதியாகச் சுருக்க வேண்டி வந்ததோ, அதே விதியின் தயவில் நான் பதினொன்றரைக்கு ஐந்து ஸ்பீக்கரை உஷ் சொல்ல வைத்தேன்.

இத்தனைக்கும் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஒரு தமிழ்ப் படம் போட்டோம். பின்னால் இரண்டும் பழையபடி ஊமை. இப்போது வயரும் சரி, துளையும் சரி, அமைப்பும் சரி. மொழிப் பட்டியலைத் திறந்து பார்த்தால் ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் 5.1 என்றிருக்கிறது, தமிழுக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. தமிழுக்கு இரண்டு போதும் என்று யாரோ எங்கோ தீர்மானித்திருக்கிறார்கள். தியேட்டரில் நாலு பக்கமும் இடி இறக்கிய படத்துக்கும் இதே கதி நேரலாம். தயாரிப்பாளர் கொடுத்ததே அப்படியா, வாங்கினவர் சுருக்கினதா என்பதெல்லாம் சந்தாதாரருக்குத் தெரிய வழியில்லை. எல்லாம் சரியாக அமைந்த வீட்டில், இல்லாத சத்தத்துக்காகப் பின் ஸ்பீக்கர் இரண்டும் நேர்மையாக வாய்மூடி இருந்தன.

தக்கலையிலிருந்து அத்தான் அன்றைக்கு வந்திருந்தார். அவர் வீட்டிலும் இதே போல ஒரு செட். ரிசீவரில் ‘மல்டி சேனல் ஸ்டீரியோ’ என்று ஒரு பொத்தான் உண்டு. வந்த இரண்டு சத்தத்தையும் ஐந்து ஸ்பீக்கருக்கும் அப்படியே பங்கிட்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் கத்த வைக்கும். அவர் வாங்கின நாளில் அதை அழுத்தியவர்; அப்புறம் தொடவில்லை. ஹெலிகாப்டர் எந்தப் பக்கமும் போகாது, எல்லாப் பக்கமும் நிற்கும். முன்னால் நிற்கிற ஆள் பேசுவது முதுகுக்குப் பின்னாலும் கேட்கும். இது சரவுண்டே இல்லை என்று நான் பொறுமையாக விளக்கினேன். பி.சி.எம்., பாஸ்த்ரூ, ஏ.ஆர்.சி. எல்லாவற்றையும் வரிசைப்படி சொன்னேன். அவர் எழுந்து போய்ப் பின்னால் இருந்த ஸ்பீக்கர் ஒவ்வொன்றிலும் காதை வைத்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“வேய், அஞ்சு பேருக்குக் காசு குடுத்திருக்கீரு. ரெண்டு பேரு சும்மா இருக்கான். எங்க வீட்டுல ஒருத்தனையும் சும்மா இருக்க விடமாட்டேன்.”

மருமகனைக் கூப்பிட்டேன். அவன் அத்தானுடைய ரிசீவர் மாடல் என்னவென்று மட்டும் கேட்டான். அந்தப் பொத்தான் நம்முடையதிலும் இருக்கிறதாம், ரிமோட்டில் கீழிருந்து இரண்டாவது வரிசை.