வார்ப்பவருக்கு எதிரி யார்?

கேள்வி: கொல்லையில் அலுமினியம் உருக்கி வார்ப்பவர்கள் அதிகம் அஞ்ச வேண்டியது நெருப்புக்குத்தானே?

பதில்: தண்ணீருக்கு! அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கரி உலையும் காற்றூதியும் போதும். ஆனால் ஈரக் கரண்டியை உள்ளே விட்டால், ஒட்டியிருக்கும் ஒரு சொட்டு நீர் ஏறத்தாழ 1,700 மடங்கு ஆவியாக விரிந்து, உருகிய உலோகத்தை முகத்தில் வாரி அடிக்கும். எனவே கரண்டி, போடும் பழைய உலோகம் எல்லாவற்றையும் முதலில் சூடேற்றி உலர்த்த வேண்டும். சிமெண்ட் தரையிலும் ஈரம் ஒளிந்திருக்கும். காய்ந்த மணல் பரப்பி அதன்மேல் வார்ப்பதே முறை.

கேள்வி: பித்தளையைக் காய்ச்சினால்?

பதில்: காய்ச்சுபவருக்கே காய்ச்சல்! பித்தளையிலுள்ள துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து வெண்புகையாக எழும். சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிரும் நடுக்கமும் வரும். திறந்தவெளியும் தகுந்த முகமூடியும் கட்டாயம்.