கல்வெட்டில் விரிசல் விழாது

நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் எதை நம்பினாலும் நம்பாவிட்டாலும் கல்வெட்டை நம்பலாம். கறுப்பு கிரானைட், தங்க நிற எழுத்து. உச்சியில் அமைச்சர், அவருக்குக் கீழே சட்டமன்ற உறுப்பினர், ஒன்றியப் பெருந்தலைவர், ஊராட்சித் தலைவர், துணைத் தலைவர், கடைசி வரியில் இடம் போதாமல் நெருக்கியடித்து நிற்கும் வார்டு உறுப்பினர். சுவரில் பூச்சு உதிரும், தரையில் சிமென்ட் பெயரும், கதவுச் சட்டத்தைக் கரையான் அரிக்கும். கல்வெட்டுக்கு ஒன்றும் ஆகாது. அதற்கு மட்டும் கலவை சரியான விகிதத்தில் போட்டிருப்பார்கள். திரையை விலக்கும்போது பெரிய மனிதர் பக்கத்தில் நிற்கிறாரே! அவர் காலில் விழுந்து தொலைத்தால் கான்ட்ராக்டரின் பில் பாஸாகாது. பிள்ளையின் தலையில் கூரை விழுந்தால் பரவாயில்லை. அதற்கு ஒரு விசாரணை, ஒரு நிவாரணத் தொகை, ஓர் ஆழ்ந்த இரங்கல். எல்லாவற்றுக்கும் கணக்குத் தலைப்பு இருக்கிறது.

பராமரிப்புக்குத்தான் தலைப்பு இருந்தும் காசு இருக்காது. மொட்டை மாடியில் வேப்பஞ்சருகு அடைத்த மழைநீர்க் குழாயை ஆடிக்கு ஒரு தரம், ஐப்பசிக்கு ஒரு தரம் ஆள் ஏற்றிச் சுத்தம் செய்ய என்ன செலவாகிவிடும்? ஓர் ஆளின் அரைநாள் கூலி. ஆனால் குழாய் அடைப்பு எடுப்பதற்கு யார் ரிப்பன் வெட்ட வருவார்? வாழைமரம் கட்ட முடியுமா? பொன்னாடை யாருக்குப் போர்த்துவது, சருகுக்கா? எம்.பி. தொகுதி நிதிக்கான விதிகளையே பார்க்கலாம். புதிதாகக் கட்டு என்று அள்ளித்தந்த விதி, பழுதுபார்க்கும் வேலையைப் பொதுவாகப் பல காலம் விலக்கியே வைத்திருந்தது. கட்டுவதில் பெயர் உண்டு, இடிப்பதில் இரும்புக்கம்பி ஏலம் உண்டு. இடையில் இருக்கிற முப்பது வருஷத்தில் ஒரு பயலுக்கும் ஒரு லாபமும் இல்லை.

சரி, குழாய் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று கேட்கலாம். முதல் மழையில் ஒன்றும் ஆகாது, அதுதான் வசதி. தண்ணீர் மாடியில் தேங்கும். கைப்பிடிச் சுவரின் மூலையில் காக்கை போட்ட எச்சத்திலிருந்து அரசங்கன்று ஒன்று முளைக்கும். அது வேரை விடும். வேர் போன வழியில் தண்ணீர் போகும். தண்ணீர் போன இடத்தில் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடம் கேட்கும். கேட்ட இடம் கிடைக்காதபோது கீழே இருக்கிற கான்கிரீட்டைத் தள்ளிவிட்டு எடுத்துக்கொள்ளும். கூரைக் கம்பிக்குக் கீழே குறைந்தது 20 மில்லிமீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தரவிதி. அதற்காகக் கம்பிக்கு அடியில் வைக்கிற கவர் பிளாக்குக்குப் பதில் கையில் கிடைத்த ஜல்லித் துண்டை வைத்து ஒப்பேற்றியிருப்பார்கள். தளம் போட்டபின் ஒரு வாரமாவது தண்ணீர் கட்டி வைக்க வேண்டும். அந்த வாரம் பார்த்து மோட்டார் ரிப்பேர் ஆகியிருக்கும். எம் புக் என்கிற அளவுப் பதிவேட்டில் மட்டும் எல்லாம் அளந்தபடி, நனைத்தபடி, ஆறியபடி இருக்கும்.

பிறகு ஒருநாள் ஐந்தாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு சிமென்ட் பெயர்ந்து இரண்டு கம்பி தெரியும், மின்விசிறிக் கொக்கிக்கு ஒரு சாண் தள்ளி. டீச்சர் என்ன செய்வார்? பெஞ்சை நகர்த்துவார். "அந்த இடத்துல உக்காராதீங்கடா" என்பார். சுவரில் ஓடுகிற விரிசலின் மேல் 'மரம் வளர்ப்போம்' என்று பிள்ளைகள் வரைந்த சார்ட்டை ஒட்டுவார். மேலே அரசு ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருக்கிறது.

தலைமையாசிரியர் கடிதம் எழுதுவார். வாத்தியார் கல்வித்துறை ஆள், கட்டடமோ ஊராட்சி ஒன்றியத்துச் சொத்து. ஆகவே கடிதம் வட்டாரக் கல்வி அலுவலருக்குப் போய், அங்கிருந்து பி.டி.ஓ. ஆபீசுக்குப் போய், ஒன்றியப் பொறியாளர் மேசையில் பேப்பர்வெயிட்டுக்கு அடியில் ஓய்வெடுக்கும். அவர் ஒருநாள் வருவார். மாடிக்கு ஏற மாட்டார், ஏணி இல்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "பேட்ச் ஒர்க் பண்ணிக்கலாம் சார், ஸ்கூல் கிராண்ட்ல பாருங்க" என்பார். ஸ்கூல் கிராண்ட்! நூறு பிள்ளைகளுக்கு மேற்படாத பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஆண்டுக்கு 25,000 ரூபாய். முப்பதுக்குள் என்றால் 10,000. சாக்பீஸ், ரெஜிஸ்டர், பினாயில், உடைந்த குழாய் எல்லாம் அதற்குள். மிச்சத்தில் கூரையைத் தாங்க வேண்டும். அந்தத் திட்டத்தின் பணத்திலும், தேசியக் கல்விக் கொள்கைக்குத் தலையாட்டவில்லை என்று தமிழ்நாட்டுக்குரிய 2,152 கோடியை டெல்லி நிறுத்திவைத்தது. எந்த மொழிக் கொள்கையின்படி விழுவது என்று கூரை கேட்டுக்கொண்டா விழும்?

கல்லூரிகளுக்கு நல்ல காலம் என்றால் தரமதிப்பீட்டுக்கு நாக் குழு நேரில் வந்த மாதங்கள்தான். ஒரே வாரத்தில் கழிவறைக்குக் கதவு முளைக்கும், கதவுக்குத் தாழ்ப்பாள் முளைக்கும், குழாயில் தண்ணீர்கூட வரும். குழு போன மறுவாரம் தண்ணீர் நின்றுவிடும். புதுசாக அறிவித்த அரசுக் கல்லூரிகள் பாவம், சொந்தக் கட்டடம் வரும்வரை ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் ஒண்டுக்குடித்தனம். பெயிண்ட் அடிக்கச் சுவர் இருந்தால்தானே?

தனியார் பள்ளிக்காரர்களை விட்டுவிட்டதாக யாரும் வருத்தப்பட வேண்டாம். அவர்களுக்கு ஒன்றுக்கு நாலு சான்று: கட்டட உறுதிச் சான்று, தாசில்தார் தரும் கட்டட உரிமம், தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று. கட்டட உரிமத்துக்கு 1965-லேயே சட்டம் போட்ட மாநிலம் இது. அந்தச் சட்டம் நாற்பதாவது வயதை எட்டிக்கொண்டிருந்தபோது, 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரை வேய்ந்த பள்ளியில் 94 குழந்தைகள் எரிந்து போனார்கள். ஒரே வளாகத்தில் மூன்று பள்ளிகளை அடைத்து வைத்திருந்தார்கள். சமையல் தீ கீற்றில் பற்றியது. பிறகுதான் கீற்று எரியும் என்ற உண்மை அரசாங்கத்துக்குத் தெரியவந்து, பள்ளிக் கீற்றுகளை எல்லாம் பிரிக்க உத்தரவு பறந்தது. தீர்ப்பு வரப் பத்தாண்டு. கட்டடத்துக்குச் சான்று தந்த பொறியாளரும் தண்டிக்கப்பட்டவர்களில் ஒருவர். 2017-இல் உயர் நீதிமன்றம் பல பேரை விடுவித்தது. அந்தப் பிள்ளைகளுக்கு மேல்முறையீடு இல்லை.

எரிகிற கூரையைப் பிரித்தோம். விழுகிற சுவர் மிச்சம். 2021 டிசம்பர் 17, திருநெல்வேலி. இடைவேளையில் ஒன்றுக்குப் போன மூன்று பையன்கள் கழிவறைச் சுவர் சரிந்து செத்தார்கள். ஒன்றுக்குப் போனதைத் தவிர அவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. உடனே மாநிலம் முழுக்கப் பழுதடைந்த கட்டடங்களைக் கணக்கெடுத்தார்கள், இடித்தார்கள், பிள்ளைகளை மரத்தடியில் உட்காரவைத்தார்கள். அடுத்த ஆண்டு பேராசிரியர் அன்பழகன் பெயரில், ஐந்தாண்டில் 7,000 கோடி ரூபாய்க்கு வகுப்பறைகள் கட்டும் திட்டம் வந்தது. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். அந்த வகுப்பறைகள் வேண்டும். ஆனால் அந்தப் புதுக் கட்டடங்களின் மாடியிலும் வேப்பஞ்சருகு விழும் அல்லவா? அதை யார் அள்ளுவது என்று எந்த உத்தரவில் எழுதியிருக்கிறது? இப்போதே எழுதாவிட்டால் இன்னும் இருபது வருஷத்தில் இன்னொரு தலைவர் பெயரில் இன்னொரு திட்டம் போட்டுக்கொள்ளலாம், தலைவர்களுக்குப் பஞ்சமில்லை.

இது தமிழ்நாட்டின் தனிச்சொத்து என்று பெருமைப்படவும் வழியில்லை. 2025 ஜூலை 25 அன்று ராஜஸ்தானில் ஜாலாவார் மாவட்டம் பிப்லோடியில் அரசுப் பள்ளி இடிந்து 7 பிள்ளைகள் செத்தார்கள். மேலிருந்து கல் உதிர்கிறது என்று முன்பே சொன்னோம், உட்காரச் சொல்லி அதட்டினார்கள் என்று தப்பிய பிள்ளைகள் சொன்னார்கள். பழுதடைந்த கட்டடங்களின் பட்டியலில் அந்தப் பள்ளி இல்லவே இல்லை என்றது மாவட்ட நிர்வாகம். பட்டியலில் பெயர் கொடுக்காமல் இடிந்தது கட்டடத்தின் ஒழுங்கீனம்தான். நடவடிக்கை எடுக்க வேண்டியதுதான்.

என்னிடம் செலவில்லாத யோசனை ஒன்று இருக்கிறது. மாவட்டத்துக்கு மாவட்டம் குளிரூட்டிய அரங்கில் 'வடகிழக்குப் பருவமழை முன்னெச்சரிக்கை ஆய்வுக் கூட்டம்' நடக்கிறதே, அதை இனிமேல் பள்ளிக்கூடத்திலேயே வைத்துக்கொள்ளலாம். மழை வலுக்கிற ஒரு பிற்பகல் தோதான நேரம். அந்த ஐந்தாம் வகுப்பு காலியாகத்தான் இருக்கும். பிள்ளைகளுக்கு மழை லீவு விட்டிருப்பீர்கள். மூன்றாவது பெஞ்சை அதன் பழைய இடத்துக்கே நகர்த்தி, சான்று தந்த பொறியாளர் நடுவில், பில் வாங்கிய கான்ட்ராக்டர் வலப்பக்கம், கல்வெட்டில் பெயருள்ளவர்கள் வரிசைக்கிரமப்படி மற்ற இடங்களில் அமரட்டும். மூன்று மணி நேரம் ஆற அமரப் பேசுங்கள். டீ, வடை, முந்திரி பிஸ்கட் எல்லாம் வரும். புழுக்கமாக இருந்தாலும் பொறுத்துக்கொண்டு மின்விசிறியை மட்டும் போடாதீர்கள், கொக்கி ஆடுகிறது.