கொடிப் பொருத்தம்: கலப்புக் கட்சி இல்லறம் குறித்த ஓர் ஆய்வுரை

தலைவனுக்கும் தலைவிக்கும் இருக்க வேண்டிய ஒப்புமை பத்து என்கிறார் தொல்காப்பியர், மெய்ப்பாட்டியலில். ஜோசியரிடம் போனால் அவரும் பத்துதான் பார்க்கிறார்: தினம், கணத்தில் தொடங்கி ரஜ்ஜு, வேதை வரைக்கும். இரண்டு பட்டியலையும் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாலும் மாப்பிள்ளை எந்தக் கட்சி, பெண் எந்தக் கட்சி என்ற கேள்வி எங்குமே இல்லை. அந்தக் குறையைப் போக்க எழுந்ததே இவ்வாய்வு. பதினோராவதாக இங்கே முன்மொழியப்படும் பொருத்தத்துக்குக் கொடிப் பொருத்தம் என்று பெயர் வைத்திருக்கிறோம். ஆட்சேபம் உள்ளவர்கள் தனிக்கட்சி தொடங்கலாம்.

முதலில் வரையறை. கணவன் ஒரு கட்சி, மனைவி ஒரு கட்சி, இது இருவருக்கும் தெரியும், தெரிந்த பிறகும் ஒரே உலையில் சோறு பொங்குகிறது என்றால் அது கலப்புக் கட்சி இல்லறம். "எல்லாவனும் திருடன்தாங்க" என்று ஒரே குரலில் சொன்ன தம்பதியர் ஆய்விலிருந்து விலக்கப்பட்டனர். அங்கே கருத்தொற்றுமை முற்றிவிட்டதால் ஆராய எதுவும் மிஞ்சவில்லை.

கட்சி மாறிக் கட்டிக்கொண்டவர்கள் மட்டுமே இவ்வகையினர் என்று எண்ணுவது பிழை. 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் தி.மு.க. பிறந்த பிறகு, காங்கிரஸ் வீட்டுப் பெண்ணைக் கழகத்துப் பையன் கட்டுவதுதான் கலப்பின் ஆதி வடிவம். மாமனார் கதர், மருமகன் கருப்பு சிவப்பு. 1967இல் அமைந்த அண்ணா ஆட்சி சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்புக் கொடுத்ததும், முகூர்த்தத்துக்கு ஐயரா மைக்கா என்ற சண்டை ஒன்று கூடுதலாகச் சேர்ந்தது. மைக் வென்ற கல்யாணங்களில் சாப்பாடு தாமதமானது என்பது முதியோர் வாய்மொழி.

ஆனால் 1972 அக்டோபர் 17 புது வகை ஒன்றை உண்டாக்கிற்று. எம்.ஜி.ஆர். அன்று அ.தி.மு.க. என்ற தனிக்கட்சி கண்டார். ஒரே கட்சியாகப் படுத்த எத்தனையோ வீடுகள் இரண்டு கட்சியாக எழுந்தன. இவர்கள் கலப்பு மணம் செய்தவர்கள் அல்லர். செய்த மணம் பின்னால் கலப்பாகிப் போனவர்கள். இதற்கு ஜோசியரைக் குறை சொல்ல முடியாது. வேட்டிக் கரையில் பார்த்தால் கருப்புக்கும் சிவப்புக்கும் நடுவே ஒரு வெள்ளைப் பட்டை கூடியிருக்கிறது, அவ்வளவுதான். குடும்பம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும், அந்தப் பட்டையின் அகலம் என்னவென்று.

புறச்சான்றுகளைத் தேடுவோருக்கு அடுப்படியைவிட நல்ல தொல்லியல் களம் கிடையாது. 2006இல் வந்த ஆட்சி வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. 2011இல் வந்தது மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. ஆக, ரேஷன் கார்டு உள்ள வீடொன்றில் கூடம் தி.மு.க. வசமும் அடுப்படி அ.தி.மு.க. வசமும் வந்தன. கலைஞர் கொடுத்த டி.வி.யில் கணவர் ஜெயா டி.வி. செய்தி பார்ப்பார், அம்மா கொடுத்த மிக்சியில் மனைவி, செய்தி காதில் விழாதபடி, சட்னியைத் தேவைக்கு மேல் அரைப்பார். கட்சிகள் மாற்றிப் போட்டாலும் இதே சமன்பாடு வருகிறது. ஒரு வீட்டில் மிக்சியின் வயிற்றிலிருந்த முதல்வர் படத்தைக் கணவர் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தார். பாதி முகம் போயிருந்தது. மீதிப் பாதிக்கு மனைவி வெள்ளிக்கிழமைதோறும் குங்குமம் வைத்தார். 2016 டிசம்பரில் ஜெயலலிதா இறந்த பிறகு சுரண்டுவது நின்றுவிட்டது. யாரும் சொல்லி நிற்கவில்லை.

தாலியே ஒரு கூட்டுத் தயாரிப்பு என்பது இத்துறையின் அடுத்த கண்டுபிடிப்பு. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டம் 1989இல் தி.மு.க. ஆட்சியில் பணமாகத் தொடங்கியது. 2011இல் அ.தி.மு.க. அதோடு 4 கிராம் தங்கம் சேர்த்தது. 2016இல் அது 8 கிராம் ஆயிற்று. பணம் அவர்கள் தொடங்கியது, தங்கம் இவர்கள் சேர்த்தது, கழுத்து மட்டும் பெண்ணுடையது. 2022இல் இத்திட்டம் புதுமைப் பெண் என்று உருமாறி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் ஆனது. "எப்ப வந்து பொண்ணு கேக்கட்டும்?" என்ற காதலனுக்கு "டிகிரி முடியட்டும்" என்று பதில் சொல்ல இப்போது அரசாணையே துணை.

இனிப் பிரிவு. நாற்கவிராச நம்பி அகப்பொருள் விளக்கத்தில் தலைவன் பிரியும் காரணங்களை ஆறாக வகுத்தார். உரையாசிரியர்கள் கவனிக்கத் தவறியது, அந்த ஆறில் பெரும்பகுதி தேர்தல் காலத்துக்கு அப்படியே பொருந்துகிறது என்பதை. தூதிற் பிரிவு என்பது தொகுதிப் பங்கீட்டுப் பேச்சு. துணைவயிற் பிரிவு, நட்பு வேந்தனுக்கு உதவப் போதல்: கூட்டணிக் கட்சி வேட்பாளருக்காக, மனசே இல்லாமல், பூத் சிலிப் கொடுக்கப் போவது. காவற் பிரிவுக்குத்தான் நம் காலம் புது உரை எழுதியிருக்கிறது. வாக்குப்பதிவு முடிந்து இயந்திரங்கள் ஏதாவதொரு கல்லூரிக் கட்டடத்தில் சீல் வைக்கப்பட்டதும் எல்லாக் கட்சி முகவர்களும் வெளியே பந்தலில் உட்கார்ந்து கேமராத் திரையில் ஒரு பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 2021இல் ஏப்ரல் 6 முதல் மே 2 வரை. 2024இல் ஏப்ரல் 19 முதல் ஜூன் 4 வரை. தலைவி போனில் "அங்க என்னதான் பண்றீங்க?" என்பாள். "கதவப் பாத்துட்டிருக்கேன்." பாலைத்திணை இதைவிட வறண்டதில்லை.

ஆறில் ஒன்றை மட்டும் தேர்தல் ஒழித்துவிட்டது: பரத்தையிற் பிரிவு. இங்கேதான் இவ்வாய்வின் மையக் கருதுகோள் வருகிறது. காமத்துப்பாலின் கடைசி மூன்று அதிகாரங்களை ஊடலுக்கே ஒதுக்கியவர் வள்ளுவர். ஊடலுக்குக் காரணம் வேண்டும். சங்கத் தலைவிக்கு அதற்குப் பரத்தை ஒருத்தி தேவைப்பட்டாள். இன்றைய தலைவிக்கு எதிர்க்கட்சி போதும். செலவு குறைவு, அக்கம்பக்கத்தில் பேச்சும் வராது.

இளையோர் நிலை வேறு. டேட்டிங் செயலிகள் அரசியல் பார்வையைக் கேட்டு இடது, நடு, வலது என்பதுபோல் சில கட்டங்களை நீட்டுகின்றன. பெரியாரை டி.பி.யில் வைத்து, சபரிமலைக்கு மாலை போட்டு, சித்தப்பா வட்டச் செயலாளராக இருக்கும் ஒரு பையன் எந்தக் கட்டத்தைத் தொடுவான்? 'அரசியலில் ஆர்வமில்லை' என்பதைத் தொட்டுவிட்டு நகர்கிறான். அவளும் அதையே தொட்டிருக்கிறாள். உண்மை, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கப்படும் நாளில் தெரியும். களவில் மறைந்து கற்பில் வெளிப்படும் பண்பு என்று இதற்கு இலக்கணம் செய்யலாம்.

சரி, இவ்வளவு முக்கியமான பொருத்தத்தை ஏன் யாரும் பார்க்கவில்லை? ஞாயிற்றுக்கிழமை மணமக்கள் தேவை விளம்பரத்தை விரித்தால் சாதி, உட்பிரிவு, நட்சத்திரம், நிறம், சம்பளம் எல்லாம் இருக்கும், கட்சி இராது. முதல் இரண்டும் ஒத்துப்போனால் கட்சியைப் பற்றி "அது கெடக்குது" என்று சொல்லிவிடுவார்கள். ஒத்துப்போகாவிட்டால் இரு வீடும் ஒரே கிளையில் சந்தா கட்டியும் பயனில்லை. சாதி ஒழிப்பு மாநாட்டுக்கு ஒரே வேனில் போய்வந்த அப்பாக்கள் பிள்ளைகளின் காதல் தெரிந்ததும் முகம் பார்க்காமல் போனதை எந்த மாவட்டத்திலும் கேட்கலாம். போலி ஆய்வு இந்த இடத்தில் கொஞ்சம் திணறுகிறது, மேலே போவோம்.

ஒப்பீட்டுக்கு மேற்கு வங்கம். 2019இல் பிஷ்ணுபூர் பா.ஜ.க. வேட்பாளர் சௌமித்ர கான் நீதிமன்றத் தடையால் தொகுதியின் பெரும்பகுதிக்குள் நுழைய முடியவில்லை. அவருக்காகத் தெருத்தெருவாக ஓட்டுக் கேட்டவர் மனைவி சுஜாதா மண்டல். கான் ஜெயித்தார். 2020 டிசம்பரில் சுஜாதா திரிணாமுல் காங்கிரசில் சேர, கணவர் செய்தியாளர்கள் முன்னிலையிலேயே விவாகரத்து என்று அறிவித்தார். 2024இல் அதே தொகுதியில் இருவரும் எதிரெதிராக நின்றார்கள்; கான் வென்றார். அமெரிக்காவிலோ, 1992 அதிபர் தேர்தலில் கிளின்டனுக்கு வியூகம் வகுத்த ஜேம்ஸ் கார்வில்லும் புஷ்ஷுக்கு வேலை செய்த மேரி மேட்டலினும் மறு ஆண்டே கல்யாணம் செய்துகொண்டார்கள். ஆகவே கட்சி வேறுபாடு மணத்தை முறிக்கும் என்றும் சொல்வதற்கில்லை, சேர்க்கும் என்றும் சொல்வதற்கில்லை. எது கெடுக்கும் என்பதற்குக் கோவில்பட்டிப் பக்கம் ஒரு தம்பதியர் விடை வைத்திருக்கிறார்கள்.

கணவர் ம.தி.மு.க., டீக்கடை. மனைவி அ.தி.மு.க., தீப்பெட்டி ஆபீஸ் வேலை. 1998 கல்யாணத்தின்போது இரு கட்சியும் ஒரே அணி. பத்திரிகையில் இரு தலைவர் படமும் அருகருகே. 1999 ஏப்ரல் 17இல் வாஜ்பாய் அரசு ஒரே ஓட்டில் கவிழ்ந்தபோது மனைவி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டில் இருந்தார். திரும்பி வந்தால் கணவர் தி.மு.க. அணியில் இருக்கிறார். "கூட்டணி மாறுனது நீங்க" என்றார் மனைவி. "வெளிய போனது உங்க கட்சி. நாங்க இருந்த எடத்துலதான் இருக்கோம்" என்றார் கணவர். இந்த வழக்கில் இன்னும் தீர்ப்பு வரவில்லை. அவருடைய கரைவேட்டியை அன்றிலிருந்து கரை உள்பக்கமாக மடித்தே காயப்போட்டார் அம்மையார். வீடு செழிப்பாக நடந்தது.

கெட்டது 2006இல். ம.தி.மு.க.வின் வைகோ மறுபடி அ.தி.மு.க. அணிக்கு வந்தார். பம்பரமும் இரட்டை இலையும் ஒரே வேனில். 2011 வரை இருவருக்கும் பேச ஒன்றுமில்லை. சண்டைக்குப் பொருள் தேடி ரசத்துக்குப் போனார்கள், பிறகு நாத்தனாருக்கு, பிறகு சீர்வரிசைப் பித்தளை அண்டாவுக்கு. ஒருமுறை மூட்டை கட்டித் தாய்வீடு போகிற அளவுக்கு வந்தது. கூட்டணி தர்மம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2019இல் ம.தி.மு.க. தி.மு.க. அணியில் போட்டியிட்டது. கணவர் கடையைச் சாத்திவிட்டு மத்தியானம் வந்து செருப்பைக் கழற்றும் முன்பே உள்ளிருந்து குரல் கேட்டதாம்: "வாங்க, இப்ப எந்தப் பந்தல்ல இருந்து வாறீக?"

"நாங்க இருந்த எடத்துலதான் இருக்கோம்" என்றிருக்கிறார் அவர். அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு.