ஆழம் போனால் எண்ணெய் வருமா?

கேள்வி: பூமியை ஆழமாகத் துளைக்கத் துளைக்க எண்ணெய் அதிகம் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. எண்ணெய்க்கும் சமையல் போலப் பக்குவம் உண்டு. ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கும்போதும் வெப்பம் சுமார் 25 முதல் 30 டிகிரி ஏறும். ஏறக்குறைய 60 முதல் 120 டிகிரிக்குள் எண்ணெய் உருவாகும். சூடு மேலும் ஏறினால் எரிவாயுதான் மிஞ்சும்.

1974இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் எரிவாயு தேடி, பெர்த்தா ராஜர்ஸ் கிணற்றை 9,583 மீட்டர் ஆழம்வரை துளைத்தார்கள். எத்தனை பெரிய துணிச்சல்! அடியில் எதிர்கொண்டது உருகிய கந்தகம். பிறகு எரிவாயு எடுத்தது, துளைத்துக் கடந்துபோன மேலடுக்கில். ஆழத்தைவிட, எண்ணெயைத் தேக்கும் நுண்துளைப் பாறையும் அதைத் தப்பவிடாத மூடிப் பாறையும் எங்கே இருக்கின்றன என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.